மாத்திரைக்குச் சாப்பிட்ட கேசரி

எதையும் படிக்காமல் விடமாட்டான் என்று பெயர் எடுத்தவன் நான். பஜ்ஜி மடித்துத் தந்த காகிதத்தைப் பிரித்து, எண்ணெய்க் கறைக்கு நடுவே எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டங்களைக்கூட விடமாட்டேன். கடலூரிலிருந்து வரும் ஒரு நாளிதழில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட வியாதி அது. கூடவே இன்னொரு வியாதியும் வந்தது. அதற்கு டாக்டர் எழுதித் தந்த சீட்டை மட்டும் நான் முழுதாகப் படிக்கவில்லை.

இது நடந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. சர்க்கரை இருப்பது தெரிந்து இரண்டு வருடம். மெட்பார்மின் என்ற பெரிய வெள்ளை மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு விழுங்கிக்கொண்டிருந்தேன். சாதுவான மாத்திரை. (ஆரம்பத்தில் வயிற்றைக் கொஞ்சம் கலக்கியது, அவ்வளவுதான்.) இந்த இரண்டு வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் ஆறு வாரம் நீரிழிவு பற்றித் தொடர் எழுதினேன். அதன் பிறகு நெய்வேலி டவுன்ஷிப்பில் என்னை நிறுத்திச் சந்தேகம் கேட்கிறவர்கள் உருவானார்கள். பலாச்சுளை எத்தனை சாப்பிடலாம் என்று ஒருவர் கேட்டார். இரண்டு என்றேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில்தான், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஏறியிருக்கிறது என்று டாக்டர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். கிளிமிபிரைடு. பச்சை நிறம். நெற்றியில் ஒட்டும் பொட்டு அளவுதான் இருக்கும். மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த பெண் அந்த அட்டையை என் கையில் உடனே தரவில்லை.

"சார், இது பெரிய மாத்திரை மாதிரி இல்ல. தட்டு முன்னாடி வந்தப்புறம் வாயில போடுங்க. போட்டுட்டு சாப்பிடாம மட்டும் இருந்துடாதீங்க."

"தெரியும்மா. நான் இதப்பத்தி எழுதியிருக்கேன்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

சீட்டில் மூன்று வரிகள் இருந்தன. காலை உணவுக்கு முன் ஒன்று என்பது முதல் வரி. சாப்பிடாத வேளையில் போட வேண்டாம் என்பது இரண்டாவது. கையில் எப்போதும் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்துக்கொள்ளவும் என்பது மூன்றாவது. நான் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன். பக்கத்தில் இடம் போதாதபோது செய்தியைக் கீழிருந்து வெட்டிக் குறைப்பது என் தொழில். முக்கியமானது எப்போதும் மேலேதான் இருக்கும் என்று இருபது வருடம் நம்பியவன்.

புதிய மாத்திரை வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தபோது அக்கா மகள் நிவேதாவுக்கு ஒரு வரன் வந்தது.

நிவேதா அனல்மின் நிலையத்தின் ஆய்வகத்தில் கெமிஸ்ட். பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சோதிக்கிற வேலை. தண்ணீருக்குப் பகல் இரவு கிடையாது என்பதால் அவளுக்கும் கிடையாது. காலை ஆறுக்கு ஏ ஷிப்ட், பிற்பகல் இரண்டுக்கு பி, இரவு பத்துக்கு சி என்று மாறி மாறி வரும். இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் இந்த இடத்தில்தான் நின்றன. இரண்டு வீட்டாரும் பொண்ணு ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார்கள். இரண்டு வீட்டாரும், கல்யாணத்துக்கு அப்புறம் ஜெனரல் ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்றார்கள். ஜெனரல் ஷிப்ட் என்றால் காலையில் போய் மாலையில் வருகிற அலுவலக வேலை. ஆய்வகத்தை விட்டுவிட்டுக் கோப்புகளோடு உட்கார வேண்டும்.

மூன்றாவது வரன் அருண். சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை, பெர்மனென்ட். அவர்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பதிலுக்கு நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். அக்கா வசந்தாவின் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்ததால், பேச வேண்டியவன் தாய்மாமனாகிய நான்.

முந்தைய நாள் சாயங்காலம் நிவேதா எங்கள் வீட்டுக்கு வந்து எனக்கு வகுப்பெடுத்தாள்.

"மாமா, ஒரே ஒரு கேள்விதான். கல்யாணத்துக்கு அப்புறமும் நான் மூணு ஷிப்ட்டும் போவேன். சரியான்னு கேளுங்க. 'அப்புறம் பாத்துக்கலாம்'னு சொன்னா அது பதில் இல்ல. சரின்னு அவங்க வாயால வரணும். அதுக்கு முன்னாடி கை நனைச்சிடாதீங்க."

"நான் அமைச்சரையே மடக்கிக் கேள்வி கேட்டவன்."

"அவர் பதில் சொன்னாரா?"

நான் பேச்சை மாற்றினேன்.

கை நனைப்பது என்றால் அந்த வீட்டில் சாப்பிடுவது. சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் டவுன்ஷிப்பில் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்து வந்தது, ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம். சிலருக்கு காபி கணக்கில் வராது. சிலருக்கு உப்புப் போட்டது மட்டும்தான் கணக்கு. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆட்களான எங்களுக்குத் தண்ணீர் ஒன்றுக்குத்தான் விலக்கு. எதிரில் எதை வைத்தாலும், "இருக்கட்டும், பேசிட்டு சாப்பிடுவோம்" என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கட்டுப்பாட்டோடு இருக்கிறார்களா என்று பார்க்க எங்கள் பெரியப்பா ஒருவர் இருந்தார். அக்கா கணவரின் அண்ணன். நிவேதாவுக்குப் பெரியப்பா. எனக்கு வேறு முறை வரும், ஆனால் ஊரே அவரைப் பெரியப்பா என்றதால் எனக்கும் அதுவே பழகிவிட்டது. குறிஞ்சிப்பாடியிலிருந்து வருவார். அவர் வராமல் பேச்சை ஆரம்பிக்க முடியாது.

அக்கா தன் பங்குக்கு இன்னொரு நிபந்தனை வைத்தாள்.

"சுகர்னு அங்க மூச்சு விடாத தம்பி. தாய்மாமனுக்கே இருக்கா, அப்ப பொண்ணுக்கும் வரும்னு ஆரம்பிச்சிடுவாங்க."

"இந்தத் தெருவுல யாருக்குக்கா இல்ல?" என்றாள் என் மனைவி பூங்கொடி.

"இருக்கட்டும். யாராவது வாசல்ல போர்டு மாட்டிக்கிட்டா உக்காந்திருக்காங்க?"

ஆக, சாப்பிடவும் கூடாது, ஏன் சாப்பிட வேண்டும் என்று சொல்லவும் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து நான் யோசிக்கவில்லை. யோசித்தது டிபனைப் பற்றி. சம்பந்தம் பேசி முடித்ததும் போடுகிற டிபன் சாதாரண டிபனாக இருக்காது. பொங்கல், வடை, கேசரி எல்லாம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ருசியாகச் சாப்பிட முன்கூட்டியே இடம் ஒதுக்கினேன். சனிக்கிழமை இரவு ஒரே ஒரு தோசை. ஞாயிறு காலை நடைப்பயிற்சியில் வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகம். ஒன்பது மணிக்குப் பேச்சு, ஒன்பதரைக்கு இலை என்று கணக்குப் போட்டு, எட்டேகாலுக்கே பச்சை மாத்திரையை விழுங்கினேன். உணவுக்கு முன் என்றுதானே எழுதியிருக்கிறது. எவ்வளவு முன் என்று எழுதவில்லை.

"ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வாங்க" என்றாள் பூங்கொடி.

"அங்க போய்ச் சாப்பிட வேண்டாமா?"

"மாத்திரை?"

"போட்டாச்சு."

அவள் அதைச் சரியான பதிலாக எடுத்துக்கொண்டாள். அன்று எங்கள் வீட்டில் தப்பு செய்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

எட்டே முக்காலுக்கு அருண் வீட்டில் இருந்தோம். மரநிழல் விழுந்த ஒரு பழைய குவார்ட்டர்ஸ். அருணின் அப்பா ராமலிங்கம் சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். ஷோகேஸில் நீண்டகாலப் பணிக்கான கேடயம், தலையாட்டிப் பொம்மைகள், மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகம். இதையெல்லாம் குறித்துக்கொண்டேன். பார்த்ததையெல்லாம் குறிப்பெடுப்பது பழக்கம்.

டீப்பாயில் கேசரியும் வடையும் வந்தன.

"இருக்கட்டுங்க, பெரியப்பா வந்துடட்டும்" என்றாள் அக்கா.

பெரியப்பா அலைபேசியில், "வந்துகினே இருக்கேம்மா. வடலூர்ல பஸ்ஸு நிக்குது" என்றார். ஒன்பதே காலுக்கும் அது வடலூரில் நின்றது. ஒன்பதே முக்காலுக்கும் நின்றது. நாங்கள் எந்த பிளாக், சொந்த ஊர் எது, இந்த வருடம் மாம்பழம் எப்படி என்று டவுன்ஷிப் பேச்சின் பாடத்திட்டம் முழுவதையும் முடித்துவிட்டோம். அருண் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பத்து மணி வாக்கில் எனக்குச் சின்னதாக ஒரு ஆச்சரியம் ஏற்பட்டது. தலைக்குமேல் மின்விசிறி முழுவேகத்தில் சுற்றுகிறது, என் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. பதற்றம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு விரல்கள் நடுங்கின. தொடைகளுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டேன். நாக்கைச் சுற்றி ஒரு மரத்த உணர்வு. எதிர்ச் சுவரில் இருந்த நாட்காட்டியில் தேதி இரண்டாகத் தெரிந்தது. அச்சுப்பிழை என்று முடிவு செய்தேன். ஆறு வாரம் தொடர் எழுதியவன், இரண்டாவது வாரத்தில் தாழ்சர்க்கரையின் அறிகுறிகள் என்று இதே வரிசையில் பட்டியல் போட்டவன், அந்தப் பட்டியலுக்கு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு நாட்காட்டியை அச்சடித்தவனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சின்ன மாத்திரையின் குணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு வருகிறது என்ற நம்பிக்கையில் இன்சுலின் இரத்தத்தில் இறங்கும். வடலூரில் பஸ் நிற்கிற விஷயம் அதற்குத் தெரியாது. சாப்பாடு வராவிட்டால் இருக்கிற சர்க்கரையைக் காலி செய்யும். மூளைக்குப் போக வேண்டியது குறையும். மூளை குறைந்தவனுக்கு மூளை குறைந்தது தெரியாது என்பதுதான் இதில் விசேஷம்.

பத்தே காலுக்குப் பெரியப்பா வந்து சேர்ந்தார். வாசலில் அவர் செருப்பைக் கழற்றியது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த அரை மணி நேரம் சுத்தமாக இல்லை. ஆகவே அந்தப் பகுதியை நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்களிலிருந்து தொகுத்துத் தருகிறேன். மூன்று பேரைத் தனித்தனியாக, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் விசாரித்தேன்.

பெரியப்பா உட்கார்ந்ததும், "மாப்ள, நீ கேக்க வேண்டியத கேளு" என்றாராம். இதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்து அருணைப் பார்த்து, "பெயர், வயது, தகப்பனார் பெயர்?" என்று கேட்டேன்.

தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அருண் மரியாதையாகப் பதில் சொன்னார். அடுத்து நான், "சம்பவம் நடந்தப்ப எங்க இருந்தீங்க?" என்றேன்.

"எந்த சம்பவம் சார்?"

"கேட்டதுக்கு மட்டும் பதில்."

இந்த இடத்தில் பூங்கொடி என் முழங்கையைப் பிடித்ததாகச் சொல்கிறாள். நான் கையை உதறினேனாம். அக்காவின் வாக்குமூலப்படி, நான் உதறவில்லை, "பத்திரிகைச் சுதந்திரம்" என்று மட்டும் சொன்னேன். (பூங்கொடி இதை மறுக்கிறாள். அருண் இரண்டும் நடந்தது என்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் அவர் என்பதால் அதிகக் கவனத்தோடு கேட்டிருப்பார் என்று அவர் சொல்வதையே ஏற்கிறேன்.) சர்க்கரை குறைந்தால் சிலருக்குக் கோபம் வரும், சிலர் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். நான் இரண்டையும் செய்தேன்.

அருண் அப்பாவைப் பார்த்தார். பதில் வராமல் போகவே நான், "கருத்து கூற மறுத்துவிட்டார்னு போட்டுக்கறேன்" என்று அறிவித்துவிட்டு, டீப்பாயில் இருந்த கேசரியை, கரண்டி இருக்கும்போதே, கையால் அள்ளி வாயில் போட்டேன். போட்டது ஒருமுறை என்று பூங்கொடி. மூன்றுமுறை என்று அருண். எண்ணவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன் என்று அக்கா.

பிறகு பெரியப்பா தொடையைத் தட்டினார்.

"கை நனைச்சாச்சு. பொண்ணு வூட்டு தாய்மாமனே நனைச்சிட்டாரு. வேற என்னா பேச்சு? தட்ட மாத்திக்கங்க."

அருணின் அம்மா முகம் மலர்ந்து தாம்பூலத் தட்டை எடுக்க உள்ளே போனார். நிவேதாவின் ஒரே கேள்வி கேட்கப்படாமலேயே அவள் கல்யாணம் நிச்சயமாகிக்கொண்டிருந்தது.

ராமலிங்கம் மட்டும் தட்டைப் பார்க்கவில்லை. என் நெற்றியைப் பார்த்தார். எழுந்து வந்து என் கையைத் தொட்டார்.

"ஜில்லுன்னு இருக்கு. சார், என்ன மாத்திரை போடுறீங்க?"

நான் அவருக்கும் ஏதோ கேள்வி கேட்டேனாம். அவர் பூங்கொடி பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. சுகர் மாத்திரையா?"

பூங்கொடி அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையை லேசாக ஆட்டி வேண்டாம் என்றாள். பூங்கொடி, "ஆமாங்க. பச்சை மாத்திரை. எட்டேகாலுக்குப் போட்டார். ஒண்ணும் சாப்பிடல" என்று அத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னாள். என் மனைவியின் திருமண வாழ்க்கையில் அவள் எடுத்த நல்ல முடிவுகளில் இது ஒன்று.

"கேசரி போதாது. நெய் இருக்கு, மெதுவாத்தான் ஏறும். டேய் அருண், தண்ணியில நாலு ஸ்பூன் சர்க்கரை. ஓடு."

ஷோகேஸிலிருந்து அந்த பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். குளுக்கோமீட்டர். கேசரி படாத கையின் விரலில் குத்திப் பார்த்தார். ஐம்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. முழித்திருக்கிறேன், விழுங்க முடிகிறது என்று உறுதி செய்துகொண்டு சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். (மயங்கிப் போயிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான் என்று பிறகு சொன்னார்.) பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்தினார். எழுபத்தொன்பது. நாட்காட்டியில் தேதி ஒன்றானது. அச்சடித்தவனை மன்னித்தேன்.

எனக்கு உலகம் திரும்பி வந்தபோது அதில் முதலில் தெரிந்தது தாம்பூலத் தட்டு.

"இருங்க" என்றேன். "நான் சாப்பிட்டது சம்மதத்துக்கு இல்ல. மாத்திரைக்கு."

அருணின் அம்மா தட்டோடு நின்றார். "அப்ப சாருக்கு சுகரா?"

அக்கா தரையைப் பார்த்தாள்.

"எனக்குப் பதினோரு வருஷமா இருக்கு" என்றார் ராமலிங்கம்.

இப்போது அருணின் அம்மா அவரை முறைத்தார். அந்த முறைப்பு எனக்குப் புதிதல்ல. முந்தைய நாள் அக்கா முகத்தில் பார்த்தது. அந்த வீட்டிலும் அதே தடை உத்தரவு போடப்பட்டிருந்தது.

"இன்னைக்கும் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன், நிருபர் புத்தி போகாமல்.

"போட்டேனே. எட்டு மணிக்கே சமையக்கட்டுல நின்னுகிட்டு நாலு இட்லி சாப்பிட்டுட்டுத்தான். இவ பூ கட்டிக்கிட்டு இருந்தா. கவனிக்கல."

பெரியப்பாவுக்கு இந்த மருத்துவ விவரங்களில் ஆர்வமில்லை. "மாத்திரைக்குத் தின்னாலும் வாய் வழியாத்தான போச்சு? கைய வுட்டுத்தான தின்னாரு? நான் கண்ணால பாத்துகினு இருந்தேன்" என்றார்.

"மருந்தா சாப்பிட்டதை எப்படிங்க கணக்குல எடுக்கறது?" என்றார் ராமலிங்கம். "எங்க ஊர்ல காபியே கணக்கு கிடையாது."

"அது உங்க ஊரு."

இதற்கிடையில் பயந்துபோன அக்கா ஆய்வகத்துக்கு போன் செய்து, "உன் மாமா விழுந்துட்டாருடி" என்று சொல்லிவிட்டிருந்தாள். (நான் விழவில்லை. இதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.) பெரியப்பாவும் ராமலிங்கமும் உப்பு, காபி, சர்க்கரைத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக விவாதித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கூட்டி நின்றது. ஏ ஷிப்ட்டில் இருந்தவள் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு அப்படியே வந்திருந்தாள். நீலக் கோட்டு, ஹெல்மெட் அழுத்திய தலைமுடி, பாதுகாப்பு பூட்ஸ்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிப்பது எங்கள் சட்டத்தில் கேசரியை விடப் பெரிய குற்றம். பெரியப்பா எழுந்து வாசலுக்குப் போனார்.

"நீ உள்ள வரக்கூடாதும்மா. மாமாவுக்கு ஒண்ணும் இல்ல. போ."

"பார்த்துட்டுப் போறேன் பெரியப்பா."

குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். அந்தக் கயிறுகள் நீளமானவை. ஒரு கால், பிறகு இன்னொரு கால். இரண்டு குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்க அவள் அவசரப்படாமல் அவிழ்த்து, பூட்ஸை ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். என் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ன ரீடிங்?"

"எழுபத்தொன்பது" என்றார் ராமலிங்கம்.

"மறுபடி எறங்கும்ல அங்கிள்? அந்த மாத்திரை நாள் முழுக்க வேலை செய்யுமே. சாப்பாடு எங்க?"

"அதைத்தான் பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார் அவர், பெரியப்பாவைக் காட்டி.

அவள் என்னைப் பார்த்தாள். "கேட்டீங்களா மாமா?"

"கேட்டேன்" என்றேன். "வேற கேள்வி."

அருண் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. நிவேதா அவர் பக்கம் போகாமல் அவருடைய அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். கேள்வி யாரிடம் நிற்கிறது என்று நேராகக் கண்டுபிடிப்பது, இருபது வருட அனுபவத்தில் எனக்கு வராத கலை.

"ஆன்ட்டி, கல்யாணத்துக்கு அப்புறமும் நான் மூணு ஷிப்ட்டும் போவேன். சி ஷிப்ட்டும் சேத்து. உங்களுக்குச் சரியா?"

அவர் தட்டை மேசைமேல் வைத்தார். "உண்மையச் சொல்லட்டுமா? எனக்குப் பிடிக்கல. ராத்திரி வேலை வேணாம்னுதான் சொல்லுவேன்."

எனக்கு மறுபடி வியர்த்தது. இந்தத் தடவை சர்க்கரையால் அல்ல.

"நான் முப்பது வருஷம் சி ஷிப்ட் போனேனே" என்றார் ராமலிங்கம். "என்னைக்காவது வேணாம்னியா?"

"மாசாமாசம் சொன்னேன். நீங்க எங்க கேட்டீங்க?"

நிவேதா அவரைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "நானும் கேக்க மாட்டேன் ஆன்ட்டி. நீங்க மாசாமாசம் சொல்லுங்க, நான் வருத்தப்பட மாட்டேன். ஆனா போவேன்" என்றாள்.

அருணின் அம்மா கணவரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், நிவேதாவின் நீலக் கோட்டைப் பார்த்தார்.

"நீ என்னடா சொல்ற?"

"எனக்கும் ஷிப்ட்தானேம்மா" என்றார் அருண். அன்று காலை சொந்தப் பெயருக்கும் வயதுக்கும் அப்பால் அவர் சொன்ன முதல் தகவல் அது. "ரெண்டு பேரும் சி ஷிப்ட்டுல இருக்கற வாரம் காலையில யாரு இட்லி ஊத்தறதுன்னு மட்டும் பேசிக்கணும்."

"அவ ஊத்தட்டும்னு சொல்லிடாத" என்றார் அம்மா.

"மாவு பிரிட்ஜ்ல இருந்தா நானே ஊத்திடுவேன்."

அம்மா பெருமூச்சு விட்டார். "சரி. போகட்டும். எனக்குத்தான் பழக்கமாச்சே."

"சரின்னு சொன்னீங்களா ஆன்ட்டி?"

"சரிம்மா. சரி."

நிவேதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கேட்டிருந்த சொல் அது, வாயால் வந்துவிட்டது. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கேசரி விவகாரத்தை மறுபடி எடுத்தார். மாமன் நனைத்தது செல்லுமா, செல்லாதா, தட்டு மாற்றலாமா என்று ஒரு முடிவு வேண்டும் என்றார். நிவேதா குழாயடியில் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். நான் அள்ளித் தின்ற அதே கிண்ணத்தில் மிச்சமிருந்ததிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

"மாமா சாப்பிட்டது மாத்திரைக்கு, பெரியப்பா. இது எனக்கு."

பெரியப்பா கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். கடைசியில், "மாத்திரைக்குத் தின்னது கணக்குல வராது. எழுதிக்கங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தானும் ஒரு வடையை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு பொங்கல் வந்தது. எனக்கு முதல் தட்டு. ராமலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து நான் முழுதாகச் சாப்பிடுகிறேனா என்று பார்த்தார். என் சட்டைப்பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தையும் செருகினார்.

மறுநாள் டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். மாத்திரையை நானாக நிறுத்தவில்லையே என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன். அளவைக் குறைத்தார். விசேஷ நாளில் சாப்பாடு எப்போது என்று தெரியாவிட்டால் இலை போட்ட பிறகு போடுங்கள் என்றார். மருந்து கொடுக்கும் பெண் சொன்னதும் அதுதான். அவரிடம் போய், "நீங்க சொன்னத நான் கேட்கல" என்றேன். "எழுதறவங்க கேக்க மாட்டாங்க சார்" என்றார். என் தொடரின் ஆறு வாரங்களையும் எடுத்துப் படித்துப் பார்த்தேன். சாப்பாடு தள்ளிப்போனால் மாத்திரையை என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. ஏழாவது வாரமும் எழுதினேன். அதில் பலாச்சுளைக்கு ஒரு திருத்தமும் போட்டேன்.

நிவேதாவும் அருணும் இப்போது எங்கள் பிளாக்கிலேயே இருக்கிறார்கள். பெரும்பாலும் வேறு வேறு ஷிப்ட். மாதம் ஒருமுறை மாமியார் வேண்டாம் என்கிறார், இவள் போகிறாள். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது.

பெரியப்பாவின் தீர்ப்புதான் குடும்பச் சட்டமாகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் சம்பந்தம் பேசப் போனாலும், போய் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர், "மாத்திரைப் பந்தி மொதல்ல வாங்க" என்று கூப்பிடுவார். மாத்திரை போடுகிறவர்கள் தனியாக உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிடலாம். அது கை நனைத்ததாகாது. போன வருடம் தம்பி முறையில் ஒருவனுக்குப் பெண் பார்க்கப் போனபோது அந்தப் பந்திக்கு ஒன்பது பேர் எழுந்து போனார்கள். எனக்குத் தெரிந்து சர்க்கரை உள்ளவர்கள் நான்கு பேர். முதல் இலையில் பெரியப்பா.

"உங்களுக்கு எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"டெஸ்ட்டே எடுக்காதவனுக்கு இல்லன்னு நீ எப்பிடி சொல்லுவ?" என்றார், வடையைப் பிட்டுக்கொண்டே.

இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரித்ததில், நிவேதா ஒருநாள் அவரைப் பிடித்துக்கொண்டு போய் இரத்தம் எடுக்க வைத்தாள். இப்போது அவர் அந்தப் பந்தியில் முறைப்படி உட்காருகிறார்.